ஸ்லாஃப்கோவ்ஸ்கியா, ரைட்டா? ஒரு 18 வயது ஹாக்கி வீரரின் எதிர்காலத்தை எண்கள் எவ்வளவு தூரம் சொல்லும்?

2022 ஜூலை 7. கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள பெல் சென்டர் அரங்கம். அன்று அங்கே ஆட்டம் எதுவும் கிடையாது. பனித்தளம் இருக்க வேண்டிய இடத்தில் மேசை, நாற்காலி போட்டு 32 அணிகளின் நிர்வாகிகள் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ரசிகர் கூட்டம். அவர்கள் வந்திருந்தது ஒரே ஒரு பெயரைக் கேட்க.

உலகின் மிகப் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் வருடாந்தர டிராஃப்ட் அது. முதல் தேர்வு உள்ளூர் அணியான மான்ட்ரியல் கனேடியன்ஸுக்கு. ஓராண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் அந்தப் பெயர் 'ஷேன் ரைட்' என்று பெரும்பாலானோர் அடித்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் மேடையில் ஒலித்த பெயர் வேறு: யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி, ஸ்லோவாக்கியா.

அரங்கம் ஒரு கணம் திகைத்தது. ரைட்டின் பெயர் நான்காவதாகத்தான் வந்தது. சியாட்டில் அணிக்காக மேடையேறிய அவர் மான்ட்ரியல் மேசைப் பக்கம் முறைத்துப் பார்த்தார் என்று ஒரு வீடியோ துணுக்கு பரவியது. அப்படி எதுவும் இல்லை என்று அவரே பிறகு சொன்னார். ஆனால் விவாதம் அதற்குள் பற்றிக்கொண்டுவிட்டது. மான்ட்ரியல் செய்தது சரியா, தப்பா?

அந்தக் கேள்விக்கு இப்போது நம்மிடம் ஓரளவு தரவு இருக்கிறது. அதைப் பார்க்கலாம். நீங்கள் ஐஸ் ஹாக்கியே பார்க்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு 18 வயதுப் பையனை வைத்துப் பெரியவர்கள் எப்படிப் பந்தயம் கட்டுகிறார்கள், அந்தக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில், டிராஃப்ட் என்றால் என்ன?

ஐபிஎல் ஏலம் உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை ராஜஸ்தான் ராயல்ஸ் 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது, 'இந்த வயசுல இவ்வளவு பணமா?' என்ற கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். என்எச்எல் டிராஃப்டும் அதே மாதிரியான பேச்சைத்தான் கிளப்பும். முறைதான் வேறு.

இங்கே ஏலம் கிடையாது. எவ்வளவு பணம் இருந்தாலும் வரிசையைத் தாண்ட முடியாது. சென்ற சீசனில் பின்தங்கிய அணிகளுக்கு முதலில் தேர்வு செய்யும் வாய்ப்பு. அதற்காக வேண்டுமென்றே தோற்றுவிடக் கூடாது அல்லவா? அதனால் முதல் இடம் யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். மொத்தம் 7 சுற்றுகள், 32 அணிகள். ஆக ஆண்டுக்கு ஏறத்தாழ 224 இளைஞர்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்தால் பெயர் பட்டியலுக்கு வரும். எந்த அணி தன்னை எடுக்க வேண்டும் என்று வீரரால் தேர்வு செய்ய முடியாது.

சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. 18 வயதில் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் 3 ஆண்டுக்கானது. 2022-ல் எடுக்கப்பட்டவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு அதிகபட்சம் 9.5 லட்சம் டாலர். ஒவ்வொரு அணியும் மொத்தமாக வீரர்களுக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற உச்சவரம்பும் இருக்கிறது. எனவே சரியான பையனைத் தேர்ந்தெடுத்த அணிக்கு ஒரு நட்சத்திரம் சில ஆண்டுகளுக்கு மலிவாகக் கிடைக்கிறார். தவறாகத் தேர்ந்தெடுத்தால் அந்த வாய்ப்பு போனது போனதுதான்.

மான்ட்ரியலுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

கனேடியன்ஸ் 24 முறை ஸ்டான்லி கோப்பை வென்ற அணி. வேறெந்த அணியும் அதன் கிட்டேகூட வரவில்லை. ஆனால் கடைசிக் கோப்பை 1993-ல். 2021-ல் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றார்கள். அடுத்த சீசனிலேயே 82 ஆட்டங்களில் 22 வெற்றி மட்டும், லீக்கில் கடைசி இடம். குலுக்கலில் முதல் தேர்வும் கிடைத்தது. அந்த ஆண்டு டிராஃப்ட் நடந்ததும் அவர்கள் ஊரிலேயே.

இதற்கு முன் மான்ட்ரியல் முதல் தேர்வைச் செய்தது 1980-ல். அந்தக் கதை அந்த ஊரில் இன்னும் ஆறாத காயம்.

அந்த ஆண்டு டிராஃப்ட் முதன்முறையாகப் பொதுமக்கள் முன்னிலையில், மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் நடந்தது. அணி எடுத்தது டக் விக்கன்ஹைசரை. உயரமான சென்டர்; ஜூனியர் லீக்கில் முந்தைய சீசனில் 71 ஆட்டங்களில் 89 கோல் அடித்தவர். ஆனால் உள்ளூரிலேயே விளையாடி வளர்ந்த டெனி சவார் என்ற இன்னொரு பையன் இருந்தார். அவரை மூன்றாவதாக சிகாகோ கொண்டுபோனது. சவார் என்எச்எல்லில் 1,338 புள்ளிகள் எடுத்து ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். விக்கன்ஹைசரின் மொத்தக் கணக்கு 556 ஆட்டங்களில் 276 புள்ளிகள். ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்கு 1 புள்ளி, கோலுக்கு உதவிய பாஸுக்கும் 1 புள்ளி. ஒரு வீரரின் தாக்குதல் திறனை எடைபோட எல்லோரும் முதலில் பார்க்கும் எண் அதுதான்.

'அன்றைக்கே சவாரை எடுத்திருந்தால்' என்று மான்ட்ரியலில் இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1980-ல் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் விக்கன்ஹைசர் கிறுக்குத்தனமான தேர்வு கிடையாது. அப்போதைய கணிப்புகளில் முன்னணியில் இருந்தவரே அவர்தான். முடிவு மோசமானதால் முடிவெடுத்த விதமும் மோசம் என்று நாம் பின்னாலிருந்து தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பைச் சுமந்தது ஒரு 19 வயதுப் பையன். மான்ட்ரியலிலிருந்து செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்ட விக்கன்ஹைசர், 1986 பிளேஆஃபில் கூடுதல் நேரத்தில் அடித்த ஒரு கோலை அந்த ஊர் இன்னும் கொண்டாடுகிறது. 1999-ல், 37 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஓர் ஊரில் எச்சரிக்கைக் கதை, இன்னோர் ஊரில் நாயகன். ஆள் ஒருவர்தான்.

இரு தரப்பு வாதம் என்ன?

2022-க்கு வருவோம்.

ரைட் தரப்பு: ஒன்டாரியோ மாகாண ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லில் விளையாட வழக்கமாக 16 வயது ஆக வேண்டும். அதிசயத் திறமை என்று கருதப்படுபவர்களுக்கு மட்டும் ஓராண்டு முன்பே விலக்கு தருவார்கள். கானர் மெக்டேவிட் பெற்ற அந்த விலக்கை 2019-ல் ரைட்டும் பெற்றார். முதல் சீசனிலேயே 58 ஆட்டங்களில் 66 புள்ளிகள். டிராஃப்ட் ஆண்டில் 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள். அதோடு அவர் ஒரு சென்டர். களத்தின் நடுவில் நின்று தாக்குதலையும் தடுப்பையும் இணைக்கும் பொறுப்பு. நல்ல சென்டர் கிடைப்பது கஷ்டம். மான்ட்ரியலுக்கு அது தேவையாகவும் இருந்தது.

ஸ்லாஃப்கோவ்ஸ்கி தரப்பு: 6 அடி 3 அங்குல உயரம், அதற்கேற்ற உடல்கட்டு, அந்த உடம்போடு பந்தயக்காரன் மாதிரி வேகம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 17 வயதில் 7 ஆட்டங்களில் 7 கோல். தொடரின் சிறந்த வீரர் விருது. ஆடவர் ஐஸ் ஹாக்கியில் ஸ்லோவாக்கியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம். பிறகு அதே ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் 8 ஆட்டங்களில் 9 புள்ளிகள். இதெல்லாம் பையன்களுக்கு எதிராக அல்ல, வளர்ந்த ஆண்களுக்கு எதிராக.

ஒரு சிக்கல். பின்லாந்தின் முதல்நிலை லீக்கில், ஸ்லாஃப்கோவ்ஸ்கி அந்த சீசனில் 31 ஆட்டங்களில் எடுத்தது 10 புள்ளிகள்தான்.

ரைட்டுக்கு ஆட்டத்துக்கு 1.49 புள்ளி. ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு 0.32. நாலரை மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்தபின் விவாதத்துக்கு என்ன இருக்கிறது என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்க.

எண்கள் எங்கே இடறுகின்றன?

முதல் இடறல், லீக். 16 முதல் 20 வயதுக்காரர்கள் ஆடும் ஓஎச்எல்லில் எடுக்கும் 1 புள்ளியும், 30 வயதுத் தொழில்முறை வீரர்கள் ஆடும் பின்லாந்து லீக்கில் எடுக்கும் 1 புள்ளியும் சமம் கிடையாது. ரூபாயையும் டாலரையும் நேரடியாக ஒப்பிடுவது மாதிரி ஆகிவிடும். இதற்காக 'என்எச்எல் சமமதிப்பு' என்றொரு கணக்கு இருக்கிறது. கேப்ரியல் டெஜார்டின்ஸ் என்ற ஆய்வாளர் 2000-களில் பிரபலப்படுத்தியது. ஒரு லீக்கிலிருந்து என்எச்எல்லுக்கு வந்தவர்களின் புள்ளிகள் சராசரியாக எவ்வளவு குறைந்தன என்று பார்த்து, அந்த லீக்குக்கு ஒரு பெருக்கெண் கொடுப்பார்கள். நாணய மாற்று விகிதம் மாதிரி.

விளக்கத்துக்காக ஓஎச்எல்லுக்கு 0.3, பின்லாந்து லீக்குக்கு 0.45 என்று வைத்துக்கொள்வோம். கணக்கிடுபவரைப் பொறுத்து இவை மாறும். 82 ஆட்ட என்எச்எல் சீசனுக்கு மாற்றினால் ரைட்டுக்குச் சுமார் 37 புள்ளிகள், ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்குச் சுமார் 12. இடைவெளி குறைகிறது, ஆனாலும் ரைட்தான் முன்னால். நாணய மாற்றால் மட்டும் விவாதம் முடியவில்லை.

இரண்டாவது இடறல், வாய்ப்பு. ஜூனியர் அணியின் நட்சத்திரம் ஆட்டத்தில் பெரும்பகுதி களத்தில் இருப்பார். எதிரணி ஓர் ஆள் குறைவாக ஆடும் 'பவர் ப்ளே' நேரமும் அவருக்கே. வளர்ந்தவர்கள் அணியில் 17 வயதுப் பையனுக்குக் கிடைப்பது மிச்ச நேரம். சமமதிப்புக் கணக்கில் அந்த நிமிடங்கள் தெரியாது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு சின்னச் சின்ன வேலைகளை மட்டும் கொடுத்துவிட்டு, ஆண்டு இறுதியில் 'பெரிய புராஜெக்ட் எதுவும் செய்யலையே' என்று கேட்பது போல.

மூன்றாவது இடறல், மாதிரியின் அளவு. ஒலிம்பிக்கில் 7 ஆட்டம், 7 கோல் என்பது பிரமிப்புதான். ஆனால் வெறும் 7 ஆட்டம். என்எச்எல் வீரர்கள் அந்த ஒலிம்பிக்குக்கு வரவில்லை என்பதும் உண்மை. மறுபக்கம், ரைட்டின் கணக்கில் ஓராண்டே காணோம். கோவிட் காரணமாக 2020-21 ஓஎச்எல் சீசன் முழுதும் ரத்தானது. 16-லிருந்து 17-க்கு வளரும் அந்த முக்கியமான ஆண்டில் அவர் பெயர் சொல்லும்படி ஆடிய தொடர், 2021-ல் 18 வயதுக்கு உட்பட்டோர் உலக சாம்பியன்ஷிப். அங்கே 5 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்து, கேப்டனாகத் தங்கம் வென்றார். அதுவும் 5 ஆட்டம்தான். இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்த சின்ன மாதிரியைத் தூக்கிப் பிடித்தன. எதிர்த்தரப்பின் சின்ன மாதிரியை 'இது போதாது' என்று ஒதுக்கின.

நான்காவது இடறல், கேள்வியே வேறு வேறு. ரைட்டை ஆதரித்தவர்கள் சொன்னது: மோசமாகப் போனாலும் இவர் ஓர் உருப்படியான சென்டர் ஆவார். ஸ்லாஃப்கோவ்ஸ்கியை ஆதரித்தவர்கள் சொன்னது: எல்லாம் சரியாக அமைந்தால் இவர் எங்கே போய் நிற்பார் தெரியுமா? ஒருவர் ஃபிக்சட் டெபாசிட்டின் பாதுகாப்பைப் பேசுகிறார், இன்னொருவர் பங்கின் உச்சத்தைப் பேசுகிறார். இரண்டு பேரும் சரியாக இருக்க முடியும். இரவு முழுக்கப் பேசினாலும் முடிவுக்கு வரவும் முடியாது.

பிறகு என்ன நடந்தது?

முதல் ஆண்டு இருவருக்குமே அடி. ஸ்லாஃப்கோவ்ஸ்கி 39 ஆட்டங்களில் 4 கோல், மொத்தம் 10 புள்ளிகள். பெரிய உடம்பை இந்த வேகத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்று பழகுவதற்குள் மோதல்களில் சிக்கினார். 2023 ஜனவரியில் காயம், சீசன் முடிந்தது. 'கீழ் லீக்குக்கு அனுப்புங்கள், பையனைக் கெடுக்கிறீர்கள்' என்ற குரல்கள் வலுத்தன.

ரைட்டின் நிலைமை இன்னும் குழப்பம். 2022-23 சீசனில் என்எச்எல்லில் அவர் ஆடியது 8 ஆட்டங்கள் மட்டும். அதில் ஒரே கோல். டிசம்பரில், யாருக்கு எதிராக என்று நினைக்கிறீர்கள்? மான்ட்ரியலுக்கு எதிராகவே.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. என்எச்எல்லுக்கு அடுத்த படி ஏஎச்எல் என்ற தொழில்முறை லீக். வளரும் வீரர்களுக்கு அதுதான் இயல்பான பள்ளிக்கூடம். ஆனால் கனடிய ஜூனியர் லீக்குகளோடு அப்போதிருந்த ஒப்பந்தப்படி, அங்கிருந்து எடுக்கப்பட்ட 18, 19 வயதுக்காரர்களைப் பொதுவாக ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது. ஒன்று என்எச்எல், இல்லையென்றால் திரும்ப ஜூனியர். ரைட்டுக்கு ஜூனியர் லீக் எளிது, என்எச்எல் கடினம், நடுவில் படி இல்லை. ஐரோப்பாவிலிருந்து நேராக வந்த ஸ்லாஃப்கோவ்ஸ்கியை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. மான்ட்ரியல் விரும்பியிருந்தால் ஏஎச்எல்லுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் தன்னோடு வைத்துக்கொண்டது. ஒரே டிராஃப்ட், ஒரே வயது. ஆனால் யார் எங்கே வளரலாம் என்பதை அவர்களது பாஸ்போர்ட்டும் பழைய லீக்கும் பாதி தீர்மானித்துவிட்டன.

ரைட் அந்த ஆண்டு கனடா ஜூனியர் அணிக்குக் கேப்டனாக உலகத் தங்கம் வென்றார், ஓஎச்எல்லுக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு சிறப்பு விலக்குப் பெற்று ஏஎச்எல்லில் 59 ஆட்டங்கள் ஆடி 47 புள்ளிகள் எடுத்தார். மான்ட்ரியலில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 2023-24-ல் 82 ஆட்டமும் ஆடி 20 கோல், 50 புள்ளிகள். முந்தைய ஆண்டு 'தோல்வி' முத்திரை குத்தப்பட்டவருக்கு, 2024 ஜூலை 1 அன்று அணி 8 ஆண்டுக்கு 6.08 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. அப்போது அவர் மொத்தம் ஆடியிருந்தது 121 ஆட்டங்கள். வயது 20. அதுவும் ஒரு பந்தயமே.

2024-25-ல் ரைட்டுக்கு முதல் முழு என்எச்எல் சீசன்: 79 ஆட்டங்களில் 19 கோல், 44 புள்ளிகள். ஸ்லாஃப்கோவ்ஸ்கி அதே சீசனில் 79 ஆட்டங்களில் 18 கோல், 51 புள்ளிகள்.

இனி கணக்கைக் கூட்டுவோம். டிராஃப்டுக்குப் பிந்தைய முதல் 3 சீசன்கள், அதாவது 2024-25 முடியும் வரை, என்எச்எல் வழக்கமான ஆட்டங்கள் மட்டும்:

ஸ்லாஃப்கோவ்ஸ்கி, 1-வது தேர்வு: 200 ஆட்டங்கள், 111 புள்ளிகள். ஆட்டத்துக்கு 0.56.

ரைட், 4-வது தேர்வு: 95 ஆட்டங்கள், 51 புள்ளிகள். ஆட்டத்துக்கு 0.54.

டிராஃப்ட் இரவில் நாலரை மடங்காக இருந்த இடைவெளி, மூன்று ஆண்டில் நூறில் 2 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அதுவும் எதிர்ப்பக்கமாக. ரைட்டுக்குக் களத்தில் கிடைத்த நேரம் ஸ்லாஃப்கோவ்ஸ்கியைவிடக் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மறுபக்கம், ஸ்லாஃப்கோவ்ஸ்கி இருமடங்கு ஆட்டங்களைத் தாங்கியிருக்கிறார். 'நாங்கதான் சரி' என்று சொல்ல இரு தரப்புக்கும் இன்னும் இடமிருக்கிறது. 'மான்ட்ரியல் பேரழிவைத் தேர்ந்தெடுத்துவிட்டது' என்று சொன்னவர்களுக்கும், 'ரைட் காலி' என்று சொன்னவர்களுக்கும் இடமில்லை.

விவாதத்தில் இல்லாத இரண்டு பெயர்கள்

கதை இத்துடன் முடியவில்லை.

ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கும் ரைட்டுக்கும் நடுவே இரண்டு பேர் எடுக்கப்பட்டார்கள். இரண்டாவது, இன்னொரு ஸ்லோவாக்கியரான தடுப்பாட்டக்காரர் சிமோன் நெமெட்ஸ். மூன்றாவது, அமெரிக்க சென்டர் லோகன் கூலி. இருமுனைச் சண்டையின் சத்தத்தில் கூலியின் பெயர் மூன்றாவதாகவே கேட்டது. அதே 2024-25 வரையிலான கணக்கில் அவர் 157 ஆட்டங்களில் 109 புள்ளிகள். ஆட்டத்துக்கு 0.69. இருவரையும்விட அதிகம்.

இன்னொரு பெயர் அன்று இரவு வாசிக்கப்படவே இல்லை. மறுநாள், இரண்டாவது சுற்றில், 62-வது தேர்வாக வந்தது: லேன் ஹட்சன், தடுப்பாட்டக்காரர். எடுத்த அணி எது? மான்ட்ரியல்தான். திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, உயரம்தான் பிரச்சினை. 5 அடி 9 அங்குலத்தையொட்டிய உடம்போடு என்எச்எல்லில் தடுப்பாட்டம் ஆடுவதாவது என்று பல அணிகள் கடந்து போயின.

2024-25-ல், தன் முதல் முழு சீசனில், ஹட்சன் 82 ஆட்டங்களில் 66 புள்ளிகள் எடுத்தார். அதில் 60 கோல் உதவிகள். ஒரு அறிமுகத் தடுப்பாட்டக்காரருக்கு அது 1980-81-ல் லாரி மர்ஃபி வைத்த சாதனைக்குச் சமம். சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் கோப்பையும் அவருக்கே.

முதல் தேர்வைப் பற்றி மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட ரசிகர்களுக்கு, அதே டிராஃப்டின் பெரும்பரிசு 61 பெயர்கள் தள்ளிக் கிடைத்தது.

இவர்கள் இருவருக்கும் பயிற்சியாளராக இருந்தவர் யார் தெரியுமா? மார்ட்டின் செயின்ட் லூயி. உயரம் 5 அடி 8 அங்குலம். எந்த டிராஃப்டிலும் எந்த அணியும் அவரை எடுக்கவே இல்லை. என்எச்எல்லில் 1,033 புள்ளிகள் எடுத்து, சீசனின் அதிகப் புள்ளிகளுக்கான விருதை 2004-லும் 2013-லும் வென்று, ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனவர். 2022 பிப்ரவரியில் மான்ட்ரியல் பயிற்சியாளர் ஆனார். பட்டியலில் முதலாவதாக வந்த பையனையும் 62-வதாக வந்த பையனையும் பட்டியலிலேயே வராத ஒருவர் வளர்த்தார்.

அப்படின்னா ஸ்கவுட்டுகளுக்கு ஒண்ணும் தெரியாதா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2005-ல் முதல் தேர்வு சிட்னி கிராஸ்பி. 2015-ல் கானர் மெக்டேவிட். இரண்டும் துல்லியம். முதல் சில இடங்களில் எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் என்எச்எல்லில் நிலைக்கிறார்கள். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுபவர்களில் வெகு சிலரே. டிராஃப்ட் வரிசையில் நிஜமான தகவல் இருக்கிறது. ஆனால் அது நிகழ்தகவு. 70 சதவீதம் மழை வாய்ப்பு என்று சொன்ன நாளில் வெயில் அடித்தால் வானிலை ஆய்வு பொய் என்று அர்த்தமாகாது.

ஹென்ரிக் செட்டர்பெர்க் 1999-ல் 210-வது தேர்வு. ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000-ல் 205-வது. இருவரும் தங்கள் தலைமுறையின் பெரிய பெயர்கள். ஆனால் இவர்களைக் காட்டி 'கடைசிச் சுற்றுதான் புதையல்' என்று சொன்னால், அதே சுற்றுகளில் எடுக்கப்பட்டு என்எச்எல் பக்கமே வராத நூற்றுக்கணக்கானவர்களை மறந்துவிட்டோம் என்று பொருள்.

ஸ்கவுட்டுகளின் தவறுகளில் ஒன்று மட்டும் தற்செயலானது இல்லை. தொடர்ந்து ஒரே பக்கமாகச் சாய்கிறது. அது பிறந்த மாதம். கனடாவில் வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்த 10 வயதுப் பையன், டிசம்பரில் பிறந்த 10 வயதுப் பையனைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவன், பெரியவன். அவனுக்குத்தான் நல்ல அணி, நல்ல பயிற்சியாளர். 1980 முதல் 2007 வரையிலான டிராஃப்டுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்களை அணிகள் அவர்களது பிற்காலத் தகுதிக்குக் கீழேயே எடுத்திருக்கின்றன என்று காட்டியது.

நம் கதையின் ஐந்து பேரின் பிறந்தநாளைப் பாருங்கள். ரைட், ஜனவரி 5. ஹட்சன், பிப்ரவரி 14. நெமெட்ஸ், பிப்ரவரி 15. ஸ்லாஃப்கோவ்ஸ்கி, மார்ச் 30. கூலி, மே 4. எல்லோரும் 2004. ஜூன் முதல் டிசம்பர் வரை பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மாதிரி சிறிது என்று மேலே நானே சொன்னேன். ஆனால் அந்த மேடைக்கு வருவதற்கு முன்பே யார் யார் வடிகட்டப்பட்டுவிட்டார்கள் என்று யோசிக்க வைக்கிறது.

அடுத்த விவாதத்தில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

ஹாக்கியோ, கிரிக்கெட்டோ, 'அடுத்த பெரிய ஆள்' என்று யாரையாவது உங்களுக்குக் காட்டும்போது இதைக் கேட்டுப் பாருங்கள்.

1. இந்த எண் யாருக்கு எதிராக வந்தது? சம வயதுக்காரர்களா, வளர்ந்தவர்களா?

2. எத்தனை ஆட்டம்? 7 ஆட்டமா, 70 ஆட்டமா?

3. அவருக்கு எவ்வளவு நேரம், எந்தக் கூட்டாளிகளோடு கிடைத்தது?

4. நாம் பேசுவது அவரது உச்சத்தையா, மோசமாகப் போனாலும் நிற்கும் இடத்தையா? எதிரே இருப்பவரும் அதையேதான் பேசுகிறாரா?

5. அடுத்த இரண்டு ஆண்டு அவர் எங்கே, யாரிடம் வளரப்போகிறார்?

ஐந்தாவது கேள்வியை ரசிகர்கள் அதிகம் கேட்பதில்லை. டிராஃப்ட் இரவு வரை பேசுவது முழுக்கப் பையனைப் பற்றி. அதன்பிறகு நடப்பதில் பெரும்பங்கு அவனைச் சுற்றியிருப்பவர்கள் கையில். 10 புள்ளியோடு முடிந்த முதல் சீசனுக்குப் பிறகும் ஒரு பையனுக்கு 82 ஆட்டமும் கொடுக்கும் பொறுமை ஓர் அணிக்கு இருந்தது. இன்னொரு பையனுக்கு நடுப்படி தேவைப்பட்டது; அது கிடைத்தபின் அவனும் வந்து சேர்ந்தான். அந்தப் பொறுமை இல்லாத ஊரில், அந்தப் படி கிடைக்காத ஆண்டில், இதே இருவரைப் பற்றி நாம் வேறு மாதிரி எழுதியிருப்போம். அவர்கள் திறமை துளியும் மாறாமலே.

உங்கள் பிளஸ் டூ மார்க் வந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். அன்றைய தேதியில், 20,000 பேர் முன்னால், அடுத்த பத்தாண்டுக்கும் சேர்த்து உங்களைப் பற்றி ஒரு தீர்ப்பு வாசித்திருந்தால்? மான்ட்ரியல் மேடையில் பெயர் கூப்பிடப்பட்டபோது யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் வயது 18 ஆண்டு, 99 நாள்.